பட்டமரத்துக் காளானைப் பார்க்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு

1. குடைக்காளானில் தொடங்காதீர்கள். நீங்கள் புத்தகத்தைப் புரட்டி முடிப்பதற்குள் அது அழுகிவிடும். மரக்காளான் பொறுமையானது. அதிலும் பிக்னோபோரஸ் சாங்குவினியஸ் என்னும் செம்மஞ்சள் காளான் தூரத்திலேயே கண்ணில் படும். வெட்டிப்போட்ட மாங்கட்டையில், பட்ட கிளையில், நல்ல வெயிலிலும் நிற்கும். மழைக்காலம் போனபிறகும் உலர்ந்து, நிறம் மங்கி, அங்கேயே இருக்கும். 1763இல் லின்னேயஸ் விவரித்த இனம் இது.

2. மேற்புறத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லாதீர்கள். குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். இதற்கு அங்கே செவுள் கிடையாது. கைலென்ஸ் வைத்தால்தான் தெரியும் அளவுக்குப் பொடித் துளைகள். வித்துகள் அந்தத் துளைகளின் உட்சுவரில் உண்டாகிக் காற்றில் போகின்றன. அடிப்பக்கம் துளையே இல்லாமல் வழுவழுப்பாக இருந்தால் அது ஸ்டீரியம் போல வேறு ஏதோ ஒன்று.

3. காளானைப் படமெடுத்துவிட்டுக் கட்டையை மறந்து வருகிறீர்கள். எனக்கு இதில்தான் மிகுந்த வருத்தம். வெளியே தெரிவது கனி மட்டுமே. உடல் முழுவதும் மரத்துக்குள் இழையிழையாக ஓடிக்கிடக்கிறது. மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னினை உடைக்கத் தெரிந்த உயிர்கள் மிகக் குறைவு. இந்தக் காளான் லாக்கேஸ் என்ற நொதியைச் சுரந்து அதைச் செய்கிறது. அதனால் கட்டை வெளுத்து, நார்நாராகப் பிரிந்து, விரலுக்கு அமுங்கும். இதை வெள்ளை அழுகல் என்கிறோம். கட்டை பழுப்பேறி, குறுக்கும் நெடுக்குமாக வெடித்துத் துண்டுதுண்டாக உதிர்ந்தால், லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிட்டு செல்லுலோஸைத் தின்னும் வேறு கூட்டத்தின் வேலை அது. குறிப்பேட்டில் முதலில் மரத்தின் பெயர், அடுத்து அழுகலின் நிறம், அதன்பிறகு காளான்.

4. வாயில் வைக்காதீர்கள். மருந்து என்று யார் சொன்னாலும் சரி.

5. ஆள்மேல் விழாத இடத்தில் நிற்கும் பட்டமரத்தை வெட்டவிடாமல் பேசிப் பாருங்கள். காளான் இளக்கிய கிளையில்தான் செம்மார்புக் குக்குறுவான் எளிதாகப் பொந்து குடையும்.

6. உயிருள்ள தென்னையின் தூரில் செம்பழுப்பாகப் பளபளக்கும் காளானைக் கண்டால் ரசித்துக்கொண்டு நிற்காதீர்கள். அது கேனோடெர்மா. 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைப் பகுதியில் கவனிக்கப்பட்டதால் அது உண்டாக்கும் நோய்க்குத் தஞ்சாவூர் வாடல் என்றே பெயர். காளான் வெளியே வரும்போது உள்ளே நோய் முற்றியிருக்கும். ஆனாலும் சுற்றிப் பள்ளம் வெட்டிப் பக்கத்து மரங்களின் வேருக்குப் பரவாமல் தடுக்க முடியும். தோப்புக்காரரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.