ஆங்கிலம் கற்போம்: எதைவிட எது சிறியது?

பொருள்களின் தன்மையைக் கூறும் ஆங்கிலப் பெயரடைகள் பலவற்றை நம் வாசகர்கள் அறிவார்கள். பிக் என்றால் பெரிய, ஸ்மால் என்றால் சிறிய என்பது தோட்டத்துச் சிறுவர்க்கும் தெரியும். ஆயினும், இரண்டு பொருள்களை ஒப்பிட்டு, ஒன்று மற்றொன்றைவிடச் சிறியது என்று எழுத நேரும்போதுதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. அதனை இவ்விதழில் காண்போம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு தோட்டத்து மக்கள் நிர்வாகத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தைப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. லயத்துக்குப் புதிதாக வைத்த தண்ணீர்த் தொட்டி, மறுகோடியில் இன்னும் பயன்பட்டு வந்த பழைய தொட்டியைக் காட்டிலும் சிறியது; வேலை முடிந்து வருவோருக்கு மாலையில் நீர் போதவில்லை. இதுவே அவர்களுடைய குறை. எழுதிக் கொடுத்த இளைஞர், "பழைய தொட்டியைவிடப் புதிய தொட்டி சிறியது" என்று முதலில் தமிழில் எழுதிக்கொண்டு, அதே வரிசையில் ஆங்கிலமாக்கினார்: "தி ஓல்ட் டேங்க் இஸ் ஸ்மாலர் தேன் தி நியூ டேங்க்." இதற்குக் கீழே, தக்க நடவடிக்கை எடுக்குமாறு வேண்டுகோள்; வேறு விளக்கம் இல்லை.

இலக்கணப்படி அவ்வாக்கியத்தில் பிழையே கிடையாது. ஆனால் அதன் பொருளோ, பழைய தொட்டிதான் சிறியது என்பது! நிர்வாகம் படித்தபடியே நடந்துகொண்டது. சிறியதெனக் குறிக்கப்பட்ட பழைய தொட்டி அகற்றப்பட்டது. மற்றொரு கடிதம் எழுதி உண்மையை விளக்கும் வரையில், அவ்வளவு குடும்பங்களும் ஒரே சிறு தொட்டியை நம்பியிருந்தன. இளைஞரைக் குறை கூறுவதற்கில்லை. அவருக்கு இந்த ஒரு செய்தியை எவரும் கற்பித்திருக்கவில்லை.

தமிழில் அளவுகோலாக நிற்கும் பொருளோடு 'ஐவிட' அல்லது 'ஐக் காட்டிலும்' சேர்ந்து விடுகிறது. ஆகையால், "பழைய தொட்டியைவிடப் புதிய தொட்டி சிறியது" என்றாலும், "புதிய தொட்டி பழைய தொட்டியைவிடச் சிறியது" என்றாலும் பொருள் ஒன்றே. சொற்கள் இடம் மாறினும், அடையாளம் தொட்டியோடு ஒட்டியிருப்பதால் குழப்பம் நேராது. மேலும், 'சிறியது' என்னும் சொல் ஒப்பீட்டிலும் அப்படியே நிற்கிறது. ஆங்கிலத்தில் இவ்விரண்டும் வேறுவிதம். அங்கே பெயரடையே உருமாறுகிறது. ஸ்மால் என்பது ஸ்மாலர் ஆகிறது. அளவுகோலாகிய பொருள் எதுவென்பதை அதன் இடமே காட்டுகிறது. எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது முதலில் வரும். எதனோடு ஒப்பிடுகிறோமோ அது தேன் என்னும் சொல்லுக்குப் பின்னரே வரும். (இது நாவுக்கு இனிக்கும் தேன் அன்று, இடம் மாறினால் கசக்கக் கூடியது.)

நம் வாசகர்களுக்கு இங்கே நல்ல துணையொன்று உண்டு. மலாய் மொழியில், "தங்கி பாரு லெபே கெச்சில் டாரிபாடா தங்கி லாமா" என்கிறோம் அல்லவா? டாரிபாடா நிற்கும் இடத்தில்தான் ஆங்கிலத்தில் தேன் நிற்கிறது. ஐயம் எழும்போது வாக்கியத்தை மனத்திற்குள் ஒருமுறை மலாயில் சொல்லிப் பாருங்கள். வரிசை தானே சரியாகிவிடும். ஆனால் ஓர் எச்சரிக்கை. மலாயில் எந்தப் பெயரடைக்கும் முன்னால் லெபே வரலாம். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும், "மோர் ஸ்மாலர்" என்று எழுதுவோர் பலர். ஸ்மாலர் என்பதிலேயே ஒப்பீடு அடங்கிவிட்டது. மோர் அங்கே மிகை.

அப்படியானால் மோர் எப்போது வரும்? ஓரசைச் சொற்கள் பெரும்பாலும் இறுதியில் ஈ, ஆர் என்னும் எழுத்துகளைப் பெறும்: டால், டாலர், ஓல்ட், ஓல்டர். பிக் போன்ற சொற்களில் இறுதி எழுத்து இரட்டிக்கும். பிக்கர் என்பதில் இரண்டு ஜி. ஹெவி போல ஒய் எழுத்தில் முடியும் ஈரசைச் சொல்லில், ஒய் மறைந்து ஐ தோன்றும், ஹெவியர். டேஞ்சரஸ், எக்ஸ்பென்சிவ் போன்ற நீண்ட சொற்களுக்கு முன்னால் மோர் வரும். குட், பேட் என்னும் இரண்டும் எவ்விதிக்கும் அடங்காமல் பெட்டர், வொர்ஸ் என்று முற்றிலும் உருமாறும். இவற்றை மனனம் செய்வதே வழி.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்வோர்க்கு ஓர் எடுத்துக்காட்டு. டூராவையும் பிசிபெராவையும் கலந்து பெறப்பட்டதே டெனெரா. டெனெராவின் ஓடு டூராவின் ஓட்டைவிட மெல்லியது. "தி ஷெல் ஆஃப் டெனெரா இஸ் தின்னர் தேன் தி ஷெல் ஆஃப் டூரா." இங்கே ஓட்டை ஓட்டோடு ஒப்பிட்டிருப்பதைக் கவனியுங்கள். பேச்சுத் தமிழில், "எங்கள் சம்பளம் பக்கத்துத் தோட்டத்தைவிடக் குறைவு" என்றால் எவருக்கும் விளங்கும். ஆங்கிலத்தில் அவ்வாறே எழுதினால், சம்பளத்தைத் தோட்டத்தோடு ஒப்பிட்டதாகிவிடும். தேன் என்பதற்குப் பின்னர், "தி வேஜஸ் ஆன் தி நெக்ஸ்ட் எஸ்டேட்" என்று சம்பளத்தையும் குறிப்பிட வேண்டும்.

'மிகவும்' என்பதை நினைத்து, வெரி என்னும் சொல்லை ஸ்மாலர், ஹையர் போன்றவற்றின் முன் இடுவதும் தவறு. கினபாலு மலையின் உயரம் 4,095 மீட்டர். தாஹான் மலையின் உயரம் 2,187 மீட்டர். முன்னது வெரி ஹையர் அன்று, மச் ஹையர். வேறுபாடு சிறிதாயின் எ லிட்டில் என்று தொடங்கலாம்.

வேலைக்கு மனுச் செய்வோர்க்கு இன்னொரு குறிப்பு: சீனியர், ஜூனியர் என்பவற்றோடு தேன் வராது. "ஹி இஸ் சீனியர் டு மீ" என்பதே வழக்கு.

கீழ்க்காணும் வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். மூன்றிலும் தமிழ் வரிசை உங்களை இழுக்கும்.

நேற்றைவிட இன்று என் மகனுக்குக் காய்ச்சல் அதிகம்.

பழைய பாலத்தைக் காட்டிலும் புதிய பாலம் ஆபத்தானது.

அந்தக் குலையைவிட இந்தக் குலை மிகவும் கனமானது.

விடைகளை அடுத்த இதழில் தருவோம். எழுதி முடித்தபின், ஒவ்வொரு வாக்கியத்திலும் தேன் என்பதற்குப் பின்னால் நிற்பது எதுவென்று விரல் வைத்துப் பாருங்கள். இரண்டாவதில் அங்கே புதிய பாலம் நின்றால், மறுபடியும் எழுதுங்கள்.