அணையடி ஆறும் திரவுட் மீனும்

கொட்டாஞ்சேனையிலே வளர்ந்தோருக்குக் களனி கங்கை புதிதன்று. முகத்துவாரத்தருகே அது கலங்கி வெதுவெதுப்பாய்க் கடலிற் சேர்வதை நாம் பலகாற் கண்டிருக்கின்றோம். அதற்கு நீரூட்டும் ஊற்றுக்களுட் சில, கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்திலுள்ள ஹோட்டன் சமவெளியிலே பிறக்கின்றன. குளிர்தேச மீனாகிய திரவுட்டை ஆங்கிலேயர் கொணர்ந்து விட்டது அத்தகைய மலையோடைகளிலேதான். 1880களில் கபிலத் திரவுட்டின் முட்டைகள் கப்பலேறி வந்தன. எனினும் பின்னர் வந்த வானவில் திரவுட்டே இங்கு நிலைத்தது.

இம்மீனுக்கு உயிர்வளி மிகுதியாக வேண்டும். குளிர்ந்த நீரே அதனை நிறையக் கரைத்து வைத்திருக்கும். நீரின் வெப்பம் செல்சியசு 20 பாகையைக் கடந்தாலே திரவுட் வருந்தத் தொடங்கும். ஆதலின் அது மலையை விட்டுக் கொழும்புக்கு இறங்கி வருவதில்லை.

வெப்பமான சமநிலத்து ஆற்றிலும் திரவுட் வாழ வழியுண்டா? உண்டு, அவ்வழியைத் திறந்தது அணைக்கட்டு. அமெரிக்காவின் ஆர்கன்சாவில் ஓடும் வைட் ஆற்றின் குறுக்கே 1951இல் புல் ஷோல்ஸ் அணை நிறைவெய்தியது. குளிர்காலத்திற் குளிர்ந்த நீர் கனத்தினால் நீர்த்தேக்கத்தின் அடியிலே தங்கும். கோடை வெயில் மேல்நீரையே சூடாக்கும். மின்னாக்கத்துக்காக ஆழத்திலிருந்து திறந்துவிடப்படும் நீரோ ஆகஸ்ட் மாதத்திலும் சில்லென்றிருக்கும். ஆற்றின் பழைய குடிகளாகிய வெப்பநீர் மீன்கள் அங்கே அருகின; திரவுட் குடியேற்றப்பட்டது. ஒன்றன் வாழ்வு மற்றொன்றன் இழப்பாயிற்று என்பதை அதன் புகழ் பாடுவோர் பலர் சொல்வதில்லை. காசல்றீ, மவுசாக்கலை அணைகளின் கீழே இவ்வாறு நிகழாமைக்குக் காரணம் எளிது: அடியிற் சேர்த்துவைக்கத்தக்க கடுங்குளிர்காலம் நமக்கில்லை.

கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் நம் பழைய மாணவருட் சிலர் தூண்டிலேந்தி இத்தகைய ஆறுகளுக்குச் செல்லக்கூடும். அவர்கள் கருதவேண்டியது ஒன்றுண்டு. முட்டையிடும் பருவத்தில் பல ஆறுகள் மீன்பிடிக்கு மூடப்படுகின்றன. தடை நீங்கும் நாள் நாட்காட்டியிற் குறிக்கப்பட்டது. முட்டையோ நாட்காட்டியை அறியாது. கபிலத் திரவுட் இலையுதிர் காலத்தின் பிற்பகுதியிலே பரற்கற்களைக் கிளறி அவற்றினிடையே முட்டையிடும். நீர் 8 பாகையாயின் குஞ்சு பொரிக்க ஏறத்தாழ 50 நாள் செல்லும். பொரித்த குஞ்சும் உடனே வெளிவராது. மஞ்சட்கருவை உண்டு இன்னும் சில வாரம் கல்லிடையே ஒளிந்திருக்கும். ஆகவே தடை நீங்கிய முதல்நாளிலே ஆவலோடு நீரில் இறங்குபவர் தம்மையறியாமலே தொட்டிலை மிதித்தல் கூடும்.

இது வெறும் அச்சமன்று. மொன்டானாவில் நிகழ்ந்த ஆய்வொன்று 1992இல் வெளிவந்தது. முட்டையிட்டது முதல் குஞ்சு வெளிவரும்வரை நாளுக்கு இருமுறை பரலின்மேல் நடந்தபோது 96 சதவீதம் வரை மாண்டன. பொரிப்பதற்குச் சற்று முன் ஒருமுறை நடந்ததே 43 சதவீதம் வரை கொன்றது. அணையடி ஆற்றில் இவ்விழப்பு மேலும் பெரிது. மேலிருந்து உருண்டுவரும் பரலை அணை தடுத்துவிடுதலால், முட்டையிடத்தக்க திட்டுகள் அங்கே சிலவாகவே இருக்கும்.

அவ்விடத்தைக் கண்டறிதல் கடினமன்று. பாசி படிந்த ஆற்றடியிலே ஓரிடம் மட்டும் கழுவிவிட்டதுபோல வெளுத்திருக்கும். மேற்பக்கம் சிறு பள்ளம். அதனை அடுத்துக் கீழ்ப்பக்கம் தாழ்ந்த மேடு. முட்டை கிடப்பது மேட்டினுள்ளே. காலூன்ற நல்ல இடமென்று புதியவர் நாடுவதும் அந்த மேட்டையே! கரையில் நின்று வீசுக. இறங்கியே ஆகவேண்டுமாயின் பெரும்பாறைகளின்மேல் அடிவைக்க. மின்சுழலிகள் இயங்கத் தொடங்கினால் நீர் விரைந்து உயரும். எச்சரிக்கைச் சங்கொலி கேட்டவுடன், மீன் தூண்டிலிற் கிடந்தாலும் கரையேறிவிடுக.