டைல்ஸை உடைக்காமலே புதுப்பொலிவு

கேள்வி: போர்வெல் தண்ணீரால் எங்கள் பழைய பாத்ரூமில் குழாய், டைல்ஸ் எல்லாம் உப்புக்கறை. கையில் 3,000 ரூபாய்தான் இருக்கிறது. ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: தாராளமாக முடியும், சகோதரி. ஒரு லிட்டர் வெந்நீரில் 3 மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரையுங்கள். அதில் நனைத்த துணியைக் குழாயில் அரைமணி நேரம் சுற்றி வையுங்கள். வெள்ளைப் படிவு இளகிவிடும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் உதிரும். டைல்ஸுக்கும் இதே வைத்தியம்தான். கடையில் விற்கும் ஆசிட் மட்டும் வேண்டாம். குழாயின் பளபளப்பையே தின்றுவிடும்.

பாத்ரூமின் பாதி வயது டைல்ஸ் இடுக்கில்தான் தெரிகிறது. கறுத்துப்போன பழைய ஒயிட் சிமென்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, கிரவுட் பூசி ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். மிச்சப் பணத்துக்கு நல்ல எல்இடி பல்பும் புது ஷவரும் வாங்கிவிடலாம். தைரியமாக இந்த வாரமே ஆரம்பியுங்கள்!