பொங்கல் பானையும் ‘வைப்ரன்ட்’ கல்ச்சரும்

கலை, பண்பாடு, ஊர் வழக்கம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் பேசுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஆங்கிலப் பயிற்சியாளரின் பதில்கள்.

கேள்வி: சார், இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்காக ஐஇஎல்டிஎஸ் எழுதினேன். ஸ்பீக்கிங்கில் 7 வேண்டும், 6.5தான் வந்தது. உங்கள் நாட்டுப் பண்டிகை ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்று கார்டு கொடுத்தார்கள். பொங்கலைப் பற்றிப் பேசினேன். ‘ரிச் கல்ச்சுரல் ஹெரிட்டேஜ்’, ‘வைப்ரன்ட்’, ‘டேபஸ்ட்ரி’ எல்லாம் சரியான இடத்தில்தான் போட்டேன். பேசியதை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன். எங்கே தவறு? (வாசகி, நாகர்கோவில்)

படித்தேன் அம்மா. இரண்டு நிமிடப் பேச்சு முழுக்கத் தேடினேன், பொங்கல் பானையைக் காணவில்லை. நீங்கள் போட்ட மூன்று சொற்களும் தீபாவளிக்கும் பொருந்தும், ரம்ஜானுக்கும் பொருந்தும், ஸ்காட்லாந்தில் பேக்பைப் ஊதுகிறவருக்கும் பொருந்தும். தேர்வாளர் அவற்றைக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

மதிப்பெண் நான்கு கூறாகப் பிரிகிறது: தங்குதடையற்ற பேச்சு, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம எடை. அரை மதிப்பெண் எங்கே போனது என்று நான் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் சொல்வளத்தில் 7 வேண்டுமென்றால், பொதுவாகப் புழங்காத சொல்லும் கொஞ்சம் வர வேண்டும், எந்தச் சொல் எதோடு சேரும் என்ற உணர்வும் தெரிய வேண்டும். பெரிய சொல் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

உங்கள் வீட்டு வாசலுக்கே போவோம். புதுப் பானை: ‘எ நியூ கிளே பாட்’. அதன் கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டுகிறீர்கள்: ‘வி டை எ டர்மரிக் பிளான்ட், லீவ்ஸ் அண்ட் ஆல், அரவுண்ட் இட்ஸ் நெக்’. இந்த ‘லீவ்ஸ் அண்ட் ஆல்’ இருக்கிறதே, அது ஒன்றே ‘டேபஸ்ட்ரி’ பத்துக்குச் சமம். அடுத்தது பால் பொங்குவது. ஆங்கிலத்தில் ‘பாயில் ஓவர்’ என்றால் அடுப்படி விபத்து. கவனக்குறைவால் பால் வழிந்து அடுப்பு நாசமாவதைச் சொல்வது. நாமோ அது வழியட்டும் என்று குடும்பத்தோடு சுற்றி நின்று காத்திருக்கிறோம், வழிந்ததும் குலவையிடுகிறோம். ஆகவே ‘வி லெட் இட் பாயில் ஓவர் ஆன் பர்பஸ்’ என்று சொல்லுங்கள். தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார். ஏன் என்று அவர் மனத்தில் எழுகிற கேள்விக்கு ‘அபண்டன்ஸ்’ என்று பதில் சொல்லுங்கள். பெரிய சொல்லுக்கு அதுதான் இடம்.

கோலத்துக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்று அந்தப் பகுதியையே விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். விட்டிருக்கக் கூடாது. ‘கோலம்’ என்றே சொல்லிவிட்டு, அரிசி மாவால் தரையில் போடும் வடிவங்கள் என்று ஒரு வரி விளக்கினால் போதும். தெரியாத சொல்லைச் சுற்றி வளைத்து விளக்கத் தெரிவதற்கும் அங்கே மதிப்பு உண்டு.

கேள்வி: எங்கள் கல்லூரியில் ‘கல்ச்சுரல்ஸ்’ நடத்துகிறோம். பெங்களூரு கல்லூரிக்கு அனுப்பிய அழைப்பைப் பார்த்து, அப்படி ஒரு சொல்லே இல்லை என்கிறார்கள். (மாணவர், சென்னை)

உங்கள் காம்பவுண்டுக்குள் உண்டு. கேட்டைத் தாண்டினால் ‘கல்ச்சுரல் ஃபெஸ்ட்’.

கேள்வி: கஸ்டம், ட்ரடிஷன், ரிச்சுவல், செரிமனி எல்லாவற்றுக்கும் அகராதியில் கிட்டத்தட்ட ஒரே பொருள்தான் போட்டிருக்கிறது. எதை எங்கே பயன்படுத்துவது? (ஆசிரியை, திண்டுக்கல்)

அகராதியை மூடிவிட்டுக் கல்யாண மண்டபத்துக்கு வாருங்கள். முகூர்த்தம் என்று பத்திரிகையில் போட்டு ஊரையே அழைத்து நடத்துகிற நிகழ்ச்சி ‘செரிமனி’. அதற்குள்ளே இதற்குப் பின் இது என்று வரிசை தவறாமல் செய்வது, தாலி கட்டுவது, அம்மி மிதிப்பது, அருந்ததி பார்ப்பது, இவை ‘ரிச்சுவல்’. வாசலருகே மேசை போட்டு ஒருவர் மொய் எழுதுகிறாரே, அது ‘கஸ்டம்’. இந்தப் பக்கத்து மக்கள் இப்படித்தான் செய்வார்கள் என்பதற்கு மேல் அதில் புனிதம் எதுவும் இல்லை. தாய்மாமன் சீரைத் தலைமுறை தலைமுறையாக வந்தது என்ற பெருமையோடு சொன்னால் ‘ட்ரடிஷன்’. அதையே வெறும் ஊர் வழக்கமாகச் சொன்னால் மறுபடி ‘கஸ்டம்’. பொருள் ஒன்றேதான், சொல்கிறவர் நிற்கும் இடம்தான் வேறு.

ஒருவருடைய நிலையையே மாற்றிவிடும் சடங்குகள், அதாவது காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் முதலியவை, ‘ரைட்ஸ் ஆஃப் பாசேஜ்’. ஆர்னால்ட் வான் ஜெனப் 1909இல் பிரெஞ்சில் எழுதிய நூலின் தலைப்பு அது. இன்று மானுடவியல் படிக்காதவர்களும் சாதாரணமாகச் சொல்கிறார்கள். நீங்களும் சொல்லலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். ‘பியூபர்ட்டி ஃபங்ஷன்’ என்று வெளிநாட்டவரிடம் சொல்லாதீர்கள். ஏதோ சுரப்பி வேலை செய்யும் விதத்தை விளக்கப் போகிறீர்கள் என்று நினைப்பார். ‘கமிங் ஆஃப் ஏஜ் செரிமனி’ என்றால் புரியும். அடுத்து, உங்கள் மாணவர்களின் கட்டுரைகளை நீங்களே இணைத்திருக்கிறீர்கள். அவற்றில் பாதிப் பேர் ‘ட்ரடிஷனல் கஸ்டம்’ உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போகிறார்கள். உடுத்துவது ‘காஸ்ட்யூம்’. அதுவும் நாடகக்காரர் உடுத்துவது. வேட்டி சேலைக்கு ‘ட்ரெஸ்’ அல்லது ‘க்ளோத்ஸ்’ போதும்.

கேள்வி: போட்டித் தேர்வுக் கட்டுரையை ‘சின்ஸ் டைம் இம்மெமோரியல்’ என்று தொடங்கலாமா? கம்பீரமாக இருக்கிறதே? (வாசகர், சேலம்)

இங்கிலாந்துச் சட்டத்தில் அந்தக் கம்பீரத்துக்குத் தேதி உண்டு. 1275இல் இயற்றிய வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம், மன்னர் முதலாம் ரிச்சர்ட் பட்டமேறிய 1189ஐ எல்லையாக வைத்தது. அதற்கு முந்தியதெல்லாம் ‘டைம் இம்மெமோரியல்’. அந்தக் கணக்கில் தஞ்சைப் பெரிய கோயில் தேறிவிடும். நீங்கள் எழுதியிருக்கும் மிளகாய் அரைத்த குழம்பு தேறாது. மிளகாய் போர்ச்சுகீசியர் வந்த பிறகு இங்கே வந்தது. எத்தனை நூற்றாண்டு என்று தெரிந்தால் அதை எழுதுங்கள். தெரியாவிட்டால் ‘ஃபார் ஜெனரேஷன்ஸ்’.

கேள்வி: எம்.பி.ஏ. குழு விவாதத்தில், உலகம் ஒதுக்கிவைத்த ஒரு நாட்டை ‘பரையா ஸ்டேட்’ என்றேன். சக மாணவி ஒருவர், அந்தச் சொல்லைப் பயன்படுத்தாதே என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ஆங்கிலப் பத்திரிகைகள் தினமும் எழுதுகிற சொல்தானே? நான் சாதியை நினைத்தே சொல்லவில்லை. (மாணவர், கோவை)

நினைக்கவில்லை என்பதை நம்புகிறேன். அந்த மாணவி சொன்னது சரி என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கட்டுமரத்தையும் மிளகுத் தண்ணீரையும் சுருட்டையும் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட ஆங்கிலம், இந்தச் சொல்லையும் எடுத்துக்கொண்டது. பறையர் என்ற மக்களின் பெயர் அது. பறை என்ற இசைக்கருவியின் பெயரிலிருந்து வந்ததாகவே பெரும்பாலான அகராதிகள் சொல்கின்றன. தென்னிந்தியாவுக்கு வந்த ஐரோப்பியர் வாய்வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் ஏறியது. கொஞ்ச காலத்தில் ஒரு சமூகத்தின் பெயர் என்பது மறைந்து, எல்லோராலும் விலக்கப்பட்டவர் என்ற பொதுப்பொருள் ஒட்டிக்கொண்டது. பிரான்சில் காசிமிர் தெலாவீஞ் 1821இல் இதே தலைப்பில் நாடகம் போட்டார். ஜெர்மனியில் கதே கவிதை எழுதினார். 20ஆம் நூற்றாண்டில் மாக்ஸ் வெபர், ஹன்னா அரென்ட் போன்ற அறிஞர்கள் கையில் அது கலைச்சொல்லாகவும் ஆனது. பாரிசில் உட்கார்ந்து எழுதியவருக்கு அது தூரதேசத்துச் சொல். கோவையில் அந்தப் பெயருடைய குடும்பத்துப் பிள்ளை உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம்.

உயிரோடு இருக்கும் ஒரு மக்களின் பெயரை எடுத்து, ‘எவரும் சேர்த்துக்கொள்ளாதவன்’ என்று அதற்கு அர்த்தம் வைத்து, அதை அணு ஆயுதம் செய்கிற சர்வாதிகாரிக்குச் சூட்டுகிறோம். யோசித்துப் பாருங்கள் தம்பி, உங்கள் குடும்பப் பெயரை உலகமே இப்படிப் பயன்படுத்தினால் எப்படி இருக்கும்? இதே பெயரை இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் பத்திரிகைக்குத் தலைப்பாக வைத்தார். இழிவு என்று அடுத்தவர் ஒட்டிய சொல்லைத் தாமே முகப்பில் அச்சிட்டுத் தலைநிமிர்ந்து நின்றார். அது அவருடைய உரிமை. அந்த வரலாறு தெரியாத ஆங்கிலத் தலையங்கக்காரர் எடுத்துக்கொள்வது உரிமை ஆகாது.

பத்திரிகை எழுதுகிறதே என்ற வாதத்தை என்னிடம் கொண்டுவராதீர்கள். அதே பத்திரிகை விளையாட்டுப் பக்கத்தில், சதம் அடித்தவரை ‘அன்டச்சபிள்’ என்று புகழ்கிறது. அரசியல் சாசனத்தின் 17ஆவது பிரிவு தடைசெய்த ஒன்றின் பெயர் கிரிக்கெட்டில் பாராட்டாகிவிட்டது. அயலார் அறியாமல் எழுதலாம். தமிழ் தெரிந்த நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.

மாற்றுச் சொல்லுக்குப் பஞ்சமும் இல்லை. ‘ஐசொலேட்டட்’, ‘ஷன்ட்’, ‘ஆஸ்ட்ரசைஸ்ட்’. கடைசிச் சொல் பழைய ஏதென்சுடையது. ஊரைவிட்டு அனுப்ப வேண்டியவரின் பெயரைப் பானை ஓட்டில் கீறி வாக்களிப்பார்கள், அவர் 10 ஆண்டு வெளியே இருக்க வேண்டும். ஒரு நாட்டை மற்ற நாடுகள் கூடி ஒதுக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? ‘அவுட்காஸ்ட்’ என்றும் எழுதலாம், ஆனால் கடைசியில் ஒரு ‘ஈ’ சேர்த்துவிட்டால் திரும்பவும் சாதிக்குள் வந்து விழுவீர்கள். வெபரை மேற்கோள் காட்டும்போது அவர் சொல்லை அவர் சொல்லாக எழுதலாம். அந்த விதிவிலக்கு போதும். முடிந்தால் அந்த மாணவிக்கு ஒரு நன்றி சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கலாசாரம் பற்றிப் பேச 500 உயர்தரச் சொற்கள் கொண்ட புத்தகம் ஒன்று சொல்லுங்கள். (வாசகர், ஈரோடு)

சொல்ல மாட்டேன். மனப்பாடம் செய்த சொல் தனியாகவே வந்து தனியாகவே போகும்.

யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கையின்கீழ் வாழும் மரபுகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. கூடியாட்டம், முடியேற்று, கொல்கத்தா துர்கா பூஜை என ஒவ்வொன்றுக்கும் சின்னக் குறிப்பு. தினம் ஒன்று படியுங்கள். ஒரு கலையைச் செய்கிறவர் ‘பிராக்டிஷனர்’, அதைச் சுமந்து வருகிறவர் ‘பேரர்’, அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றுவது ‘டிரான்ஸ்மிஷன்’ என்று சொற்கள் தத்தம் வேலையில் இருக்கும்போதே பழகிக்கொள்வீர்கள். அங்கே ‘சேஃப்கார்ட்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். ‘ப்ரிசர்வ்’ என்றால் ஊறுகாய் மாதிரி ஜாடியில் அடைத்த வாடை அடிக்கும். ஆடிக்கொண்டிருக்கிற கூத்தை ஜாடியில் அடைக்க முடியாது.

கேள்வி: ஜனவரியில் தமிழ் மரபுத் திங்களுக்காக மகன் பள்ளியில் ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ‘வி ஹாவ் ஃபுல்லி அசிமிலேட்டட் இன்டு கனேடியன் சொசைட்டி’ என்று தொடங்கியிருக்கிறேன். என் உச்சரிப்பை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. (வாசகி, டொராண்டோ)

முதல் வரியை மட்டும் மாற்றுங்கள் அம்மா, மற்றது நன்றாக இருக்கிறது. ‘அசிமிலேட்’ என்றால் கரைந்துபோவது, நம்முடையதை விட்டுவிட்டு அவர்களுடையதை எடுத்துக்கொள்வது. தமிழ் மரபைப் பற்றிப் பேச எழுந்து நின்று முதல் வரியிலேயே அது போய்விட்டது என்று சொல்லலாமா? இரண்டையும் வைத்துக்கொண்டு வாழ்வது ‘இன்டக்ரேட்’. இந்த வேறுபாட்டைத் தெளிவாக வகுத்தவர்களில் ஒருவரான உளவியலாளர் ஜான் பெர்ரி உங்கள் கனடாக்காரர்தான்.

வீட்டில் பிள்ளைகள் பேசும் தமிழுக்கு ‘ஹெரிட்டேஜ் லாங்குவேஜ்’ என்று சொல்லுங்கள், அங்குள்ள பள்ளிகளில் பழகிய சொல். ஆச்சியிடம் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகப் பையன் பேசுகிறான் என்று வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் ‘கோட் ஸ்விச்சிங்’ என்று பெயர் வைத்து மொழியியலாளர்கள் ஆராய்கிறார்கள். வெட்கம் வேண்டாம், அதையே ஓர் உதாரணமாக வையுங்கள், பிள்ளைகள் சிரிப்பார்கள். உச்சரிப்புப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. நிதானமாகப் பேசுங்கள்.

கேள்வி: கானா பாட்டை ‘லோபிரவ்’ என்று எழுதலாமா? (உதவி ஆசிரியர், சென்னை)

‘ஹைபிரவ்’ என்றால் உயர்ந்த நெற்றி. மண்டை ஓட்டை அளந்து அறிவைக் கணித்த 19ஆம் நூற்றாண்டுப் போலி அறிவியலின் மிச்சம் அது, ‘லோபிரவ்’ அதன் தம்பி. வடசென்னைக்காரரின் நெற்றியை அளக்க நீங்கள் யார்? ‘வெர்னாகுலர்’, ‘வொர்க்கிங் கிளாஸ்’, ‘ஸ்ட்ரீட் மியூசிக்’ என்று எதுவும் எழுதலாம். சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிற மரண கானாவுக்கு ‘லமென்ட்’ பொருந்தும்.

கேள்வி: என் மேலதிகாரி வார இறுதியில் கச்சேரி, நாடகம், கண்காட்சி எதையும் விடமாட்டார். ‘கல்ச்சர் வல்ச்சர்’ என்று பாராட்டலாமா? (வாசகர், மதுரை)

அது கேலி. உங்களைப் பற்றி நீங்களே சொல்லிக்கொள்ளலாம்.

கேள்வி: புது மேனேஜர் டெல்லிக்காரர். ‘வாட் இஸ் யுவர் நேட்டிவ்?’ என்று கேட்டேன், முழித்தார். (வாசகர், ஓசூர்)

‘வேர் ஆர் யூ ஃப்ரம்?’ என்று கேளுங்கள். அதையும் முதல் நாளே கேட்க வேண்டாம்.