கிக்கும் பேஸும் மோதும்போது

கேள்வி: வீட்டில் மிக்ஸ் செய்த நடன இசை, பெரிய ஸ்பீக்கரில் கலங்கிப்போய்க் கேட்பது ஏன்?

பதில்: முதல் காரணம் அறைதான். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீட்டர். பல படுக்கையறைகளை விட நீளம். அதனால் அறையின் மூலையில் பேஸ் உறுமும். நாற்காலியைச் சற்று நகர்த்தினால் மெலிந்துவிடும். அந்த மெலிந்த ஒலியை நம்பி பேஸைக் கூட்டியவரின் பாட்டு, கிளப்பில் திணறுகிறது.

அடுத்தது, இடத் தகராறு. கிக் டிரம், பேஸ் இரண்டுமே 40 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் முட்டிக்கொள்கின்றன. ஒன்று வழிவிட்டே ஆக வேண்டும். சைட்செயின் கம்ப்ரஷன் செய்வது அதைத்தான்: கிக் விழும் ஒவ்வொரு முறையும் பேஸ் தாழ்ந்து, உடனே எழும். பிரான்சின் டாஃப்ட் பங்க் இசைக்குழு இந்த ஏற்ற இறக்கத்தையே அழகாக்கியது. 2000-இல் வந்த 'ஒன் மோர் டைம்' பாட்டில் அது மூச்சுவிடுவதுபோலத் துடிக்கிறது.

1980-இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷினின் கிக் இன்னும் சிக்கலானது. நீண்டு ஒலிப்பதால் அதுவே பேஸ் சுரமாகிவிடும். பாட்டின் சுருதியோடு சேர்க்காவிட்டால் உறுத்தும்.

ஏறத்தாழ 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹை-பாஸ் ஃபில்டரால் வெட்டுவது நல்லது. காதுக்குப் பெரும்பாலும் எட்டாத அந்த அதிர்வு ஆம்ப்ளிஃபயரின் வலுவை வீணே தின்கிறது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே, இடம் வலம் இரண்டிலும் ஒரே ஒலி வரும் மோனோவே பாதுகாப்பானது. வினைல் தட்டில் இடவலமாகப் பிரிந்த கனத்த பேஸ், ஊசியையே துள்ளவைக்கும்.