கயிற்றை இழுப்பதற்கு முன்

புல் வெட்டும் மெஷினின் ஆயுள், கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்வதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் இருக்கிறது. கல்லூரி வளாகங்களிலும் கட்டட மனைகளிலும் பிரஷ் கட்டர், காம்பாக்டர், பெட்ரோல் பம்பு ஆகியவற்றோடு வேலை பார்த்து நான் உறுதியாகக் கற்றது இது. மெஷினைப் பிடிக்கிற ஆளின் உயிருக்கும் இதே கணக்குதான்.

பெட்ரோல் கேனில் தொடங்குங்கள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து களை இடுப்பளவு வளர்ந்த பிறகுதான் பல இடங்களில் பிரஷ் கட்டரை வெளியே எடுப்பார்கள். கோடை முழுக்கக் கொட்டகையில் கிடந்தது உடனே ஸ்டார்ட் ஆகாது. மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு ஓடுமுன் டேங்கைப் பாருங்கள். பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் பிசின்போல் படிந்து கார்புரேட்டரின் நுண்துளையை அடைக்கும். ரப்பர் குழாயும் கெட்டுப்போகும். சீசன் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மிச்சம் தீர்ந்து தானே அணையும்வரை எஞ்சினை ஓடவிட்டு வையுங்கள்.

டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரில் தனி ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலக்கும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் மசகு. கையேட்டில் 50:1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. கண்ணளவில் ஊற்றாதீர்கள். குறைந்தால் பிஸ்டன் சூடேறி சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். கூடினால் பிளக்கிலும் சைலன்சரிலும் கரி ஏறும். தனிக் கேனில் கலந்து, குலுக்கி, கலந்த தேதியை எழுதி வையுங்கள். ஒரு மாதத்துக்குள் தீரும் அளவே கலந்தால் போதும். ஃபோர் ஸ்ட்ரோக் மெஷினில் பொதுவாகப் பெட்ரோலோடு ஆயில் கலக்கக் கூடாது. இரண்டு வகையும் ஒரே கொட்டகையில் இருந்தால் கேன்களின் நிறத்தை மாற்றுங்கள்.

தகடா, நைலானா?

அருகம்புல்லுக்கும் சுவரோரத்துக்கும் நைலான் ஒயர். பார்த்தீனியம், தடித்த புதர் என்றால் தகடு. 10 அங்குலத் தகடு நிமிடத்துக்கு 7000 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் தெறிக்கும் ஜல்லிக்கல் கண்ணைப் பறித்துவிடும். ஆகவே முதலில் நடந்து பாருங்கள். கட்டட வேலை முடிந்த மனையில் கட்டுக்கம்பி, ஆணி, கம்பித்துண்டு எல்லாம் புல்லுக்குள் ஒளிந்திருக்கும். பொறுக்கி எடுத்த பிறகே மெஷினைத் தோளில் மாட்டுங்கள். 15 மீட்டருக்குள் யாரும் வரக் கூடாது. பேச வருபவர் எஞ்சின் அணையும்வரை தள்ளி நிற்கட்டும்.

தகட்டை மேலிருந்து பார்த்து, நமக்கு நேர் எதிரே 12 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். 12க்கும் 3க்கும் இடைப்பட்ட பகுதி மரத்தூரிலோ கல்லிலோ பட்டால் மெஷின் பக்கவாட்டில் எகிறி அடிக்கும். அந்தப் பகுதியால் எதையும் வெட்டாதீர்கள். வலமிருந்து இடமாக வீசி, இடப்பக்கத்தால் வெட்டுங்கள்.

காம்பாக்டரும் பம்பும்

அஸ்திவாரத்தில் மண் நிரப்பும்போது மொத்தமாகக் கொட்டி மேலே காம்பாக்டர் ஓட்டினால் அடி மண் இறுகாது. 15 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, ஈரம் பார்த்து இடியுங்கள். அதிர்வில் நட்டு தளரும். தினமும் முறுக்கிப் பார்ப்பது கட்டாயம்.

குழியில் தேங்கிய நீரை இறைக்கப் பெட்ரோல் பம்பைக் குழிக்குள் இறக்காதீர்கள். எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. உள்ளே நிற்பவர் மயங்கி விழுந்த பிறகே மேலே இருப்பவருக்குத் தெரியும். காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். எஞ்சின் மேலே, ஹோஸ் மட்டும் கீழே. நடைமுறையில் பம்பு சுமார் 7 மீட்டர் ஆழத்துக்கு மேல் உறிஞ்சாது. அதைவிட ஆழமென்றால் நீர்மூழ்கி மோட்டார் வையுங்கள்.

ஆளையும் கவனியுங்கள்

நாள் முழுக்க அதிரும் கைப்பிடியைப் பிடித்தால், வருடங்கள் போகப்போக விரல் மரத்து வெளுக்கும். முற்றிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது கடினம். ஒரு டேங்க் ஒருவர், அடுத்த டேங்க் அடுத்தவர் என்று மாற்றிவிடுங்கள். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து பெட்ரோல் ஊற்றினால் தீ விபத்தும் தவிரும், கைக்கும் ஓய்வு கிடைக்கும்.

இரைச்சலில் காது போவது மெதுவாக நடப்பதால் யாரும் புகார் சொல்வதில்லை. மெஷின் வாடகையையும் பெட்ரோலையும் கணக்குப் போடும் மேஸ்திரிகள் கண்ணாடியையும் காதடைப்பானையும் பூட்ஸையும் விட்டுவிடுகிறார்கள். ரேட் பேசும்போதே அவற்றையும் எழுதிச் சேருங்கள். அவை இல்லாத வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.