முகம் அறிய ஒரு படம்

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்பது நம் முன்னோர் வாக்கு. இன்றோ நாம் போய்ச் சேருமுன்பே நம் முகம் ஊர் கடந்து, கடல் கடந்து போய்ச் சேர்ந்துவிடுகிறது. முன்பெல்லாம் வேலைக்கு விண்ணப்பிப்போர் பாஸ்போர்ட் அளவுப் படத்தைப் பசை தடவி ஒட்டினார்கள். இப்போது வேலை தேடுவோரும் தருவோரும் இணையத்தில் சந்திக்கிறார்கள். 2003-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கப்பட்ட லிங்க்ட்இன் அத்தகைய சந்திப்பிடங்களுள் ஒன்று. அங்கே பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு வட்டத்தில் நம் படம் இருக்கும். அந்தப் படத்தை எப்படி எடுப்பது, எந்த அளவுக்குத் திருத்துவது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி நர்ஸிங் படித்து முடித்து, வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். அவள் அனுப்பிய படத்தில் நிறம் நன்றாக வெளுக்கப்பட்டிருந்தது. கன்னத்து மச்சமும் காணாமல் போயிருந்தது. வீட்டாருக்கு மகிழ்ச்சி. ஆனால் வீடியோ நேர்முகத் தேர்வில் கேட்கப்பட்ட முதல் கேள்வியே, "படத்தில் இருப்பவர் நீங்கள்தானா?" என்பது. பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டி விளக்குவதற்குள் அவளுக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. அந்த வேலை கிடைக்கவில்லை. காரணம் படம்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தன் படிப்பைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில், தன் முகத்துக்கு அவள் சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று.

ஒளி

நல்ல படத்துக்கு முதல் தேவை நல்ல வெளிச்சம். உச்சி வெயிலில் நின்றால் கண்ணுக்குக் கீழே கரிய நிழல் விழும். மேகம் மூடிய நாளில் வானம் முழுவதும் ஒரு விளக்காகி மென்மையான ஒளி தரும். ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் காணும் நமக்கு இதற்குக் குறைவில்லை. வெயில் நாளானால் வீட்டு வராந்தாவில் நிழல் முடியும் இடத்தில், வெளியே பார்த்து நில்லுங்கள். வாழைத் தோட்டத்திலும் ரப்பர் மரத்தடியிலும் எடுக்க வேண்டாம். இலைகளில் பட்டு வரும் ஒளி முகத்தில் பச்சை சாயலைப் பூசிவிடும்.

வடக்கு ஜன்னல் ஒளியே சிறந்தது என்று ஐரோப்பியர் எழுதிய நூல்கள் கூறும். அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே இருப்பதால் அது சரி. நம் களியக்காவிளையோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டுப் பாகைக்குச் சற்று மேலே உள்ளது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்டு முடிய நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஆகவே அந்த மாதங்களில் நமக்குத் தெற்கு ஜன்னலே ஏற்றது. பூகோளப் பாடம் இங்கேயும் உதவுகிறது அல்லவா?

தூரம்

கையை நீட்டித் தன்னைத் தானே எடுக்கும் செல்ஃபி இதற்கு உதவாது. காமிரா மிக அருகில் இருந்தால், அதற்கு முன்னால் நிற்கும் மூக்கு பெரிதாகவும் பின்னால் உள்ள காது சிறிதாகவும் தெரியும். 12 அங்குலத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம், 5 அடியில் எடுத்த படத்தைவிட ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாகத் தோன்றும் என்று 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டு வெளியிட்டனர். ஆகவே கைப்பேசியைத் தங்கையிடம் கொடுத்து, ஐந்தடி தள்ளி, உங்கள் கண் மட்டத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் லென்சை மெல்லிய பருத்தித் துணியால் துடைக்க மறவாதீர்கள்.

நிறம்

காமிராவுக்கு முகம் எது, சுவர் எது என்ற அறிவு இயல்பாகக் கிடையாது. காட்சி முழுவதையும் நடுத்தர வெளிச்சமாக்கப் பார்ப்பதே அதன் வழக்கம். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் அது படம் முழுவதையும் இருட்டாக்கிவிடும். நம் மாநிறமோ கருநிறமோ மேலும் கறுக்கும். அது கருவியின் குற்றம்; உங்கள் நிறத்தின் குற்றமன்று. இதற்கு ஒரு வரலாறும் உண்டு. கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்க, அச்சிடும் கூடங்களுக்கு ஓர் அட்டை அனுப்பி வந்தது. 'ஷெர்லி அட்டை' எனப்பட்ட அதில் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே அளவுகோலாக இருந்தது. எல்லா நிறத்தாரையும் உள்ளபடி காட்ட வேண்டும் என்று கூகுள் நிறுவனம் 'ரியல் டோன்' என்ற முறையைத் தன் கைப்பேசியில் கொண்டுவந்தது 2021-இல்தான்.

நாம் செய்ய வேண்டியது எளிது. திரையில் முகத்தின்மேல் விரலை வைத்து வெளிச்சத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டுவது வேறு. தோலை வெளுப்பது வேறு.

திருத்தம்

படத்தைத் திருத்துவது புதிய பழக்கமன்று. 1855-இல் பாரிஸ் கண்காட்சியில் ஜெர்மானியரான ஹான்ஃப்ஸ்டேங்கல் என்பவர் திருத்திய நெகட்டிவைக் காட்டி மக்களை வியக்க வைத்தார். நம் ஊர்ப் பழைய ஸ்டூடியோக்களிலும் கூரிய பென்சிலால் நெகட்டிவில் சுருக்கங்களை மறைத்தார்கள். இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் முகமே மாறிவிடுகிறது. ஆகவே எல்லை தெரிந்திருக்க வேண்டும்.

சாய்ந்த படத்தை நேராக்கலாம். சட்டத்தில் பாதிக்கு மேல் முகம் வருமாறு சதுரமாக வெட்டலாம். மூலைகள் வட்டத்தில் மறைந்துவிடும் என்பதால் தலைக்கு மேலும் சற்று இடம் விட வேண்டும். அகலமும் உயரமும் 400 பிக்சலுக்குக் குறையலாகாது. ஒரு வாரத்தில் ஆறிவிடும் பருவை அழிக்கலாம். மச்சத்தையும் தழும்பையும் அழிக்கக் கூடாது. மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளமாக எழுதப்படுவது அவைதானே! அரசு ஏட்டில் உங்களை அடையாளம் காட்டும் மச்சத்தை நீங்களே அழிக்கலாமா?

நிறத்தை மாற்றவே கூடாது. 1975-இல் விற்பனைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பின் பெயரிலிருந்தே 'ஃபேர்' என்ற சொல் 2020-இல் நீக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2009-இல், 'கறுப்பே அழகு' என்ற பொருள்படும் இயக்கத்தைச் சென்னையில் பெண்கள் தொடங்கிவிட்டார்கள். களிம்பு விற்றவர்களே விட்டுவிட்ட சொல்லை நாம் நம் படத்தில் எழுதலாமா?

எச்சரிக்கை

லிங்க்ட்இன்னில் சேர 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். பள்ளியின் பெயர் தெரியும் சீருடையிலோ, வீட்டு எண் தெரியும் வாசலிலோ படம் எடுக்காதீர்கள். எடுத்த இடத்தைப் படத்தோடு சேர்த்துப் பதியும் வசதியைக் கைப்பேசியில் நிறுத்தி வையுங்கள். யாரேனும் உங்கள் படத்தைத் திரித்துப் பயமுறுத்தினால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். வெட்கப்பட வேண்டியவர் திரித்தவரே. உடனே அம்மாவிடமோ ஆசிரியையிடமோ சொல்லுங்கள். 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் செய்யலாம்.

முடிவுரை

நம் சந்தையில் மீன் வாங்கும் அம்மாமார், மேலே எவ்வளவு பளபளப்பு இருந்தாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் விலை பேச மாட்டார்கள். வேலை கொடுப்பவரும் அப்படித்தான். படம் பார்த்து அழைப்பவர் ஒரு நாள் நேரில் பார்ப்பார். அன்று கதவைத் திறந்து உள்ளே போகும்போது, "வாருங்கள், உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம்" என்று அவர் தயங்காமல் சொல்ல வேண்டும். மாணவிகளே, அப்படிச் சொல்ல வைக்கும் படமே நல்ல படம்.